காது மிஷின் பேசவில்லையா? பீரோவில் வைப்பதற்கு முன்
(வாசகர் கேள்வி - பதில்)

திருச்சியில் என் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்துதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன். ஒரு பக்கம் பூதக்கண்ணாடி விளக்கு, இன்னொரு பக்கம் உங்கள் கடிதங்கள். படிக்கப் படிக்க மனசு கனத்துப்போனது. ‘வேலை செய்யவில்லை, பீரோவில் வைத்துவிட்டோம்’ என்று இத்தனை பேரா எழுதுவீர்கள்? அப்படிப் பீரோவுக்குப் போன மிஷின்களை யாராவது என்னிடம் எடுத்து வந்தால், பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன. செல் தீர்ந்திருக்கும், குழாய் அடைத்திருக்கும், வடிகட்டியில் குறும்பி ஏறியிருக்கும். ஆனால் மிஷின் பீரோவுக்குள் இருந்த அத்தனை மாதமும் அந்தப் பெரியவரிடம் வீட்டில் யாரும் சரியாகப் பேசியிருக்க மாட்டார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

என் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின், மூன்று வருடமாகப் போடுகிறார். போன வாரம் திடீரென்று நின்றுவிட்டது. வாங்கிய கடையில் கையில் வாங்கிப் பார்த்தார்கள், திறக்கவே இல்லை. “போர்டு போயிடுச்சு, புதுசுதான்” என்கிறார்கள். உண்மையா ஐயா?
- வாசகி, தஞ்சாவூர்

கையில் வாங்கிப் பார்த்து போர்டு போனதை யாராலும் சொல்ல முடியாது அம்மா. புதிய மிஷினுக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். நான் மேஜையில் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் புது செல். ‘நேற்றுதான் மாற்றினோம்’ என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்டிக்கர் பிரிக்காத புது செல்லை எடுத்து, ஸ்டிக்கரைப் பிரித்து, ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். துளைகள் இருக்கும் தட்டையான பக்கம்தான் பிளஸ். செல் கதவு தானாக மூட வேண்டும். அழுத்தி மூட வேண்டியிருந்தால் செல் தலைகீழாக இருக்கிறது. பலவந்தப்படுத்திக் கதவை உடைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. கதவு திறந்திருக்கும்போதே உள்ளே இருக்கும் இரண்டு உலோகத் தகடுகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் காய்ந்த, மென்மையான டூத்பிரஷால் துடையுங்கள். தண்ணீர் தொடக் கூடாது.

அடுத்து சுவிட்ச். பழைய மாடல்களில் எம், டி, ஓ என்று மூன்று நிலை இருக்கும். எம் என்றால் மைக், ஓ என்றால் ஆஃப். டி என்பது டெலிபோனுக்கானது. அதில் வைத்தால் மைக் வேலை செய்யாது, எதிரே இருப்பவர் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. சட்டைக் காலர் உரசியே சுவிட்ச் டி-க்குப் போய்விடும். இதற்காகவே பஸ் ஏறி என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இப்போது மோல்டையும் (காதுக்குள் உட்காரும் அச்சு) அதோடு சேர்ந்த ட்யூபையும் மிஷினிலிருந்து கழற்றுங்கள். காதுக்கு மேலே வளைந்து நிற்கும் கொக்கி மட்டும் மிஷினோடு இருக்கட்டும். சத்தத்தை முழுசாக வைத்து மிஷினை உள்ளங்கையில் பொத்துங்கள். ‘வீ’ என்று கூவினால் உங்கள் அப்பாவின் மிஷின் உயிரோடு இருக்கிறது. கோளாறு மோல்டிலோ ட்யூபிலோதான். மோல்டின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியாவிட்டால் குறும்பி அடைத்திருக்கிறது. மிதமான சுடுதண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு மோல்டை மட்டும் கழுவி, ரப்பர் பல்பால் காற்றடித்துத் துளையில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றி, ராத்திரி முழுக்கக் காயவிட்டுக் காலையில் மாட்டுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், அது மோல்டைக் கெடுக்கும். ஊசியும் வேண்டாம்.

கூவவே இல்லை என்றால் சர்வீஸுக்கு எடுத்துப்போக வேண்டியதுதான். புதிய மாடல்களில் சில, விசிலைத் தாங்களே அடக்கிக்கொள்ளும். அதனால் கூவாத எல்லாமே செத்ததும் இல்லை. வேறு ஒரு இடத்தில் காட்டுங்கள். அப்போதும் போர்டு என்றால், “எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?” என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

675 நம்பர் செல் போடுகிறேன். முன்பு இரண்டு வாரம் வந்தது. இப்போது பக்கத்தில் வாட்ச் கடையில் வாங்குவது இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது. மிஷின் கரண்டை அதிகம் இழுக்கிறதா?
- வாசகர், நாகர்கோவில்

மிஷின்மேல் குற்றமில்லை. நீங்கள் வாங்குவது எல்ஆர்44 என்ற செல்லாக இருக்கும். கால்குலேட்டருக்கும் பொம்மைக்கும் போடுவது. 675-ம் அதுவும் ஒரே அகலம், ஒரே உயரம். மிஷினுக்குள் அச்சாக உட்காரும், வேலையும் செய்யும். ஆனால் காது மிஷினுக்கான 675 செல் வெளிக்காற்றை உறிஞ்சி வேலை செய்கிற துத்தநாக செல். ஏறக்குறைய 600 மில்லி ஆம்பியர் மணி அளவுக்குச் சக்தி அதில் உண்டு. எல்ஆர்44-ல் 150-ஐத் தாண்டுவதே அபூர்வம். அதோடு, அது நாளுக்கு நாள் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். சத்தமும் மங்கிக்கொண்டே போகும். துத்தநாக செல் கடைசிவரை ஒரே சீராக நின்று, தீரும்போது சட்டென்று தீரும்.

அடையாளம் எளிது. காது மிஷின் செல்லின் மேல் கலர் ஸ்டிக்கர் இருக்கும்: 675-க்கு நீலம், 13-க்கு ஆரஞ்சு, 312-க்குப் பழுப்பு, 10-க்கு மஞ்சள். ஸ்டிக்கரைப் பிரித்தால் சின்னத் துளைகள் தெரிய வேண்டும். துளை இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டிக்கரைப் பிரித்த நிமிடத்திலிருந்து அந்தச் செல்லின் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. ஆகவே ‘இப்போதைக்குப் பிரித்து வைப்போம்’ என்று ஒரு அட்டையையே பிரித்துவைக்காதீர்கள். ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரமாகிவிடும்.

கடலோரத்தில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை வந்தாலே அம்மாவின் மிஷின் விட்டு விட்டுக் கேட்கிறது. ராத்திரி அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கிறோம். ஒருமுறை ஹேர் டிரையரும் பிடித்தோம். வேறு வழி இருக்கிறதா?
- வாசகி, தூத்துக்குடி

அரிசியை விட்டுவிடுங்கள் அம்மா. ஈரத்தை அது இழுப்பதைவிட, அதிலிருக்கும் மாவுத்தூள் மைக் துளைக்குள் போவதுதான் அதிகம். ஹேர் டிரையர் அதைவிட மோசம். ரிசீவரையும் (சத்தம் வெளிவரும் குட்டி ஸ்பீக்கர்) பிளாஸ்டிக்கையும் அந்தச் சூடு பதம் பார்த்துவிடும். வெயிலில் காயவைப்பதும் கூடாது.

மருந்துக் கடையிலோ காது மிஷின் கடையிலோ ஈரம் உறிஞ்சும் டப்பா என்று கேளுங்கள். மூடி இறுக்கமான சின்ன டப்பா, அடியில் சிலிக்கா மணிகள். ராத்திரி படுக்கும்போது செல்லை வெளியே எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, கதவு திறந்தபடியே மிஷினை அதற்குள் போட்டு மூடுங்கள். செல்லையும் உள்ளே போட்டால் அதுவும் காய்ந்து ஆயுள் குறையும். மணிகளின் நிறத்தைக் கவனியுங்கள். நீல மணி ஈரம் குடித்தால் ரோஸ் ஆகும், ஆரஞ்சு மணி பச்சையாகும். அப்படி மாறிவிட்டால் அந்த மணி அதற்குமேல் ஒன்றும் உறிஞ்சாது. டப்பா வாங்கியவர்களில் பலரும் இதைக் கவனிப்பதில்லை. நிறம் மாறிய மணியிலேயே வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். டப்பாவோடு வரும் குறிப்பைப் பார்த்து மணியைச் சூடாக்கிக் காயவையுங்கள், அல்லது புதுசு வாங்குங்கள். குழந்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

விட்டு விட்டுக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஏசி அறையில் உட்கார்ந்ததும் சத்தம் நின்று, வெளியே வந்ததும் திரும்புகிறதா? காதுக்குள்ளிருந்து வரும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த ட்யூபில் பட்டு முத்து முத்தாக நீர்த்துளியாகிறது. ஒரே ஒரு துளி குழாயை அடைத்துவிட்டால் போதும், ஒன்றும் கேட்காது. ட்யூபை மிஷினிலிருந்து கழற்றி ரப்பர் பல்பால் ஊதினால் சரியாகிவிடும். மிஷினோடு சேர்த்து ஊதாதீர்கள், துளி உள்ளே போய்விடும். அடிக்கடி வருகிறது என்றால் சுவர் தடித்த ட்யூப் இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள்.

ட்யூபை எப்போது மாற்றுவது என்று அதே கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மஞ்சளாகி, விறைத்துப்போய், வளைத்தால் வளையாமல் நின்றால் மாற்றிவிட வேண்டும். நம் வெக்கைக்கும் வியர்வைக்கும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம்தான் தாங்கும். செலவு மிகக் குறைவு. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய மிஷின் இந்த ஒரு துண்டுக் குழாயால் ஊமையாகிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்குவதில்லை.

தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, பவுடர் போடுவது, தலைச்சாயம் பூசுவது எல்லாம் முடிந்து, காது காய்ந்த பிறகுதான் மிஷின். பவுடர்தான் மைக்குக்கு முதல் எதிரி. குளித்து முடித்து, பவுடரும் விபூதியும் பூசிய கையோடு மிஷினை எடுத்து மாட்டுவது நம் வீடுகளில் வழக்கம். ஒருமுறை கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

என் மிஷினில் ஐபி68 என்று போட்டிருக்கிறது. போட்டுக்கொண்டே குளிக்கலாமா?
- வாசகர், கோவை

வேண்டாம். 6 என்பது தூசு புகாது என்பதற்கு, 8 என்பது தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதற்கு. அந்தச் சோதனையைச் சுத்தமான நல்ல தண்ணீரில் செய்கிறார்கள். சோப்பு நுரை, ஷாம்பு, கடல் தண்ணீர், உப்பு வியர்வை எதுவும் அந்தச் சோதனையில் இல்லை. தவறி நனைந்தால் பிழைக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு நாலு வயது. பிறவியிலேயே காது கேளாமை, இரண்டு காதிலும் மிஷின். சில நாள் கூப்பிட்டால் திரும்புகிறான், சில நாள் திரும்புவதில்லை. பயிற்சி மையத்து டீச்சர் “மிஷினைத் தினமும் செக் பண்ணுங்க” என்கிறார். மிஷின் அவன் காதில் இருக்கிறது, நான் எப்படி செக் பண்ணுவது?
- வாசகி, விழுப்புரம்

இந்த மாதக் கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன் அம்மா. பெரியவர்கள் ‘கேட்கவில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் பையனுக்கு அதைச் சொல்லத் தெரியாது. மிஷின் நின்ற ஒவ்வொரு நாளும் அவன் பேச்சுக் கற்காமல் போகும் நாள். அதனால் காலையில் பல் தேய்ப்பது மாதிரி இதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டெதஸ்கோப் போலவே இருக்கும் கேட்புக் குழாய் ஒன்று உண்டு. விலை அதிகமில்லை. அதன் முனையில் மோல்டைப் பொருத்தி நீங்களே காதில் வைத்துக் கேட்கலாம். உங்கள் மகனுடையது சக்திவாய்ந்த மிஷினாக இருக்கும். சத்தத்தைக் குறைத்துவைத்து, குழாயைக் காதுக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பிறகு மெல்லக் கிட்டே கொண்டுபோங்கள். மிஷின் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அது எப்படிக் கேட்கிறது என்று முதலில் பழகிக்கொள்ளுங்கள். பிறகு கரகரப்பு வந்தாலோ விட்டு விட்டுக் கேட்டாலோ உங்களுக்கே உடனே தெரியும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மிஷினை லேசாகத் தட்டுங்கள், செல் கதவை அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது சத்தம் போய்ப் போய் வந்தால் தொடர்பு தளர்ந்திருக்கிறது. சில நாள் திரும்புகிறான், சில நாள் இல்லை என்கிறீர்களே, அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்தது மிஷினை அவன் காதில் மாட்டிய பிறகு செய்வது. டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்த ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். அவன் பின்னால் மூன்றடி தள்ளி உட்காருங்கள். உங்கள் உதடு அவனுக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொரு ஒலியாக, சாதாரணமாகப் பேசும் சத்தத்தில் சொல்லுங்கள். கேட்டதும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும் என்று விளையாட்டாகப் பழக்குங்கள். ஒரே இடைவெளியில் சொல்லாதீர்கள். குழந்தைகள் தாளத்தை வைத்தே ஊகித்துவிடுவார்கள். வலது காது தனியாக, இடது காது தனியாகப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நேற்றுவரை ‘ஸ்’ஸுக்குக் கொட்டை போட்டவன் இன்று போடவில்லை என்றால் அதை மகனின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். மிஷினைப் பாருங்கள். மிஷின் சரியாக இருந்தால் காதைக் காட்டுங்கள். சளி பிடித்திருக்கும் நாட்களில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, இருக்கிற கேட்புத்திறனும் குறையும். அதற்குக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மோல்டு விஷயம் ஒன்று. குழந்தையின் காது வளர்கிறது, மோல்டு வளர்வதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை புது அளவு எடுத்தாக வேண்டும். விசில் வருகிறதே என்று சத்தத்தைக் குறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் குழந்தைக்குப் போகவேண்டிய சத்தமே போகாது.

செல் கதவுக்குக் குழந்தைகளுக்கான பூட்டு உண்டா என்று ஆடியாலஜிஸ்டிடம் (கேட்புத்திறனைச் சோதித்து மிஷின் பொருத்தும் நிபுணர்) கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய செல்லை உடனே கண்ணில் படாமல் எடுத்துவையுங்கள். விழுங்கிவிட்டான் என்ற சந்தேகம் வந்தாலே, மூக்கில் போட்டுக்கொண்டிருந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை இது.

அம்மா சாப்பிட வாயைத் திறந்தால் விசில், பேரன் கட்டிப்பிடித்தால் விசில். மோல்டைச் சுற்றிப் பஞ்சு வைத்துப் போடுகிறார். சரிதானா?
- வாசகர், திண்டுக்கல்

பஞ்சு வேண்டாம். காதுக்குள் போன சத்தம் வெளியே கசிந்து, மைக் அதையே மறுபடி பிடித்துப் பெருக்குவதுதான் விசில். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க விரல் ஒன்று போதும். மோல்டைக் காதிலிருந்து எடுத்து, அதன் நுனித் துளையை விரலால் இறுக்கி அடையுங்கள். விசில் நின்றுவிட்டதா? அப்படியானால் மிஷினும் ட்யூபும் நல்லாயிருக்கின்றன. மோல்டு காதில் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் காதுக்குள் குறும்பி அடைத்துச் சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது. நிற்கவில்லையா? ட்யூபைக் கழற்றிவிட்டுக் கொக்கியின் நுனியை விரலால் அடையுங்கள். இப்போது நின்றால் ட்யூபில் வெடிப்பு. இன்னும் கூவினால் கொக்கியிலோ மிஷினுக்குள்ளேயோ கோளாறு. இரண்டாவது சோதனையைப் பல கடைகளில் செய்வதே இல்லை; நேராகப் புது மோல்டுக்கு அளவெடுத்துவிடுகிறார்கள்.

உங்கள் அம்மா சமீபத்தில் உடம்பு இளைத்தாரா? இளைத்தால் காதுத் துவாரமும் மாறும், பழைய மோல்டு ஆடும். பட்ஸ் போட்டுக் குறும்பியை எடுக்க முயல வேண்டாம், அது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

விசைத்தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்தில் மிஷினை ஆஃப் பண்ணிவிட்டு மோல்டோடு அப்படியே காதில் வைத்திருக்கிறேன். சத்தம் உள்ளே போகாதல்லவா?
- வாசகர், குமாரபாளையம்

போகும் தம்பி. மோல்டு கொஞ்சம் அடைக்கும், ஆனால் அது காதுப் பாதுகாப்புக்காகச் செய்தது இல்லை. அதில் காற்றுத் துளை இருந்தால் அந்தக் கொஞ்சமும் இல்லை. மீதமிருக்கும் கேட்புத்திறனையும் தறி தின்றுவிடும். மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, காதை முழுசாக மூடும் இயர்மஃப் போட்டுக்கொண்டு தறியில் நில்லுங்கள். முதலாளி வாங்கித் தரவில்லை என்றால் கேளுங்கள். பஞ்சுத் தூசியும் ஒரு காரணம்: தறிக்கூடத்திலிருந்து வரும் மிஷின்களில் மைக் துளையின் மேல் பஞ்சு மெத்தையே கட்டியிருக்கும். தினமும் சின்ன பிரஷால், மைக் துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் துடையுங்கள். அப்போது தூசி கீழே விழும், உள்ளே போகாது.

அப்பா தவறிவிட்டார். அவருடைய விலை உயர்ந்த மிஷின் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கும் இப்போது காது மந்தம். அதையே போட்டுவிடலாமா?
- வாசகி, சேலம்

அப்படியே மாட்டிவிடக் கூடாது. உங்கள் அப்பாவின் காதுக்கு ஏற்றபடி அதில் சத்தத்தை வகுத்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் குறைபாடு வேறு மாதிரி இருந்தால் ஒன்று அவருக்கு விளங்காது, அல்லது தேவைக்கு மேல் சத்தம் போய் இருக்கிற காதும் கெடும். ஆனால் தூக்கிப் போடவும் வேண்டாம். அம்மாவுக்கு ஆடியோகிராம், அதாவது கேட்புத்திறன் பரிசோதனை, எடுங்கள். மிஷினின் சக்தி அந்தக் காதுக்குப் பொருந்தினால் மறுபடி ப்ரோக்ராம் செய்து, அம்மாவின் காதுக்கு அளவெடுத்துப் புது மோல்டோ, டோம் எனும் மென்மையான ரப்பர் குமிழோ போட்டுக்கொள்ளலாம். ஆடியாலஜிஸ்ட் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் செய்யுங்கள். அப்பாவின் பொருள் அம்மாவின் காதில் பேசுவது நல்ல விஷயம்தானே.

மிஷின் கீழே விழுந்து ஓடு விரிந்துவிட்டது. செல்போன் ரிப்பேர் கடையில் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டித் தந்தார்கள். இப்போது சத்தம் தேய்ந்துபோய், கிழிந்த மாதிரி கேட்கிறது.
- வாசகர், மதுரை

விழுந்ததில் அடிபட்டது ரிசீவராக இருக்கும். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள், இரண்டு காந்தத்துக்கு நடுவில் மெல்லிய உலோக நாக்கு ஒன்று நிற்கிறது. அது துடிப்பதுதான் உங்களுக்குச் சத்தம். விழுந்த வேகத்தில் அந்த நாக்கு கொஞ்சம் வளைந்தாலே காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, நீங்கள் சொல்கிற அந்தக் கிழிந்த சத்தம் வரும். ரிசீவரை மாற்றலாம். மைக், சுவிட்ச், செல் கதவு, ஓடு இவற்றையும் மாற்றலாம். ஆனால் பசை ஊற்றி ஒட்டிய ஓட்டினை உடைக்காமல் திறக்க முடியாது. பசை மைக்கைச் சுற்றியிருக்கும் ரப்பர் மெத்தையில் இறங்கியிருந்தால் அதுவும் போயிருக்கும். செல்போன் கடைத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவர் கைவேலை வேறு, இது வேறு.

ரிசீவர் மாற்றிய பிறகு, மிஷினைச் சோதனைப் பெட்டியில் வைத்து அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு பெருக்குகிறது, அதிகபட்சச் சத்தம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு சிதைகிறது என்பதெல்லாம் அதில் வரும். ரிப்பேருக்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள் இருந்தால் இன்னும் நல்லது. இந்தத் தாளைத் தராத இடத்தில் நான் என் வீட்டுப் பெரியவர்களின் மிஷினைக் கொடுக்க மாட்டேன்.

காதுக்குள் ரிசீவர் போகும் மாடல். வலது பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. எதை மாற்றுவது?
- வாசகர், காரைக்குடி

முதலில் ரிசீவர் நுனியில் இருக்கும் வெள்ளை வடிகட்டியை. வடிகட்டி டப்பாவில் வரும் குச்சியின் ஒரு முனையால் பழையதைக் குத்தி இழுத்து, மறுமுனையில் இருக்கும் புதியதை அழுத்திப் பொருத்த வேண்டும். டோமையும் மாற்றிவிடுங்கள்; கழற்றும்போது அது காதுக்குள் தங்கிவிட்டால் நீங்களே நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். பின்னும் சத்தம் வராவிட்டால் ரிசீவர் வயர். சிவப்புக் குறி வலதுக்கு, நீலக் குறி இடதுக்கு. வாங்கும்போது இதையும் வயரின் நீளத்தையும் சொல்லுங்கள்.

பாக்கெட் மிஷின், பென்சில் செல் போடுவது. திரும்பினால் கரகர என்கிறது.
- வாசகர், மணப்பாறை

வயர். பிளக்குக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள், அங்கே சத்தம் போய் வந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. வயர் மட்டும் தனியாகக் கிடைக்கும். வயரை மிஷின்மேல் இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள். சட்டைத் துணி உரசினாலும் கரகரப்பு வரும். அதைத் தடுக்க மிஷினுக்கென்று தனிப் பை தைத்து வெளிப்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

காதில் சீழ் வடிகிறது. மோல்டு நாற்றமடிக்கிறது. கழுவிக் கழுவிப் போடுகிறேன்.
- வாசகி, புதுக்கோட்டை

போடாதீர்கள். காற்றுப் போகாமல் அடைத்தால் சீழ் இன்னும் கூடும். டாக்டரிடம் காட்டி, காது காயும்வரை மிஷின் வேண்டாம். திரும்பத் திரும்ப வடிகிற காது என்றால், காதை அடைக்காமல் எலும்பு வழியாகச் சத்தம் கடத்தும் மிஷின் இருக்கிறது, அது ஒத்துவருமா என்று கேளுங்கள்.

அரசு முகாமில் கொடுத்த மிஷின். பழுதானால் யாரிடம் போவது? வாங்கியதிலிருந்து ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.
- வாசகர், அரியலூர்

முகாமில் தந்த தாளையும் டப்பாவையும் தேடி எடுங்கள். மிஷினில் சீரியல் நம்பர் இருக்கும், செல் அறைக்குள்ளேகூட இருக்கலாம், குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனம் வழியாக வந்ததா, மாநில அரசு தந்ததா என்பது தாளில் தெரியும். இரண்டுக்குமே முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மோல்டும் ட்யூபும் மட்டும் பிரச்சினை என்றால் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியாலஜிஸ்ட் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். முகாமில் எல்லோருக்கும் பொதுவான மோல்டைத்தான் மாட்டிவிட்டார்கள் என்றால், உங்கள் காதுக்கு அளவெடுத்த மோல்டு ஒன்று போட்டுப் பாருங்கள். ‘இலவச மிஷின் சரியில்லை’ என்று என்னிடம் வந்த பலருக்கு மிஷின் நன்றாகவே இருந்தது, மோல்டுதான் காதில் உட்காரவில்லை.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள் நான்கு விஷயம் எழுதுங்கள்: மிஷின் காதுக்குப் பின்னால் மாட்டுவதா, உள்ளே போவதா, பாக்கெட்டா; செல் ஸ்டிக்கரின் நிறம்; மோல்டு எடுத்து எவ்வளவு காலமாகிறது; உள்ளங்கையில் பொத்தினால் கூவுகிறதா. தயவுசெய்து மிஷினைத் தபாலில் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். போன மாதம் ஒன்று வந்தது. செல்லை உள்ளேயே வைத்து அனுப்பியிருந்தார்கள். அது கசிந்து தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்துவிட்டேன், கூவுகிறது. உறையில் முகவரி இல்லை. அனுப்பியவர் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போட்டால் உடனே திருப்பி அனுப்பிவிடுவோம்.